யானைத்தீ

மணிமேகலையில் காயசண்டிகையின் கதையை நடத்தாத ஆண்டு நம் ஆசிரியப் பணியில் அநேகமாக இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றை உண்டு நோன்பை முடிக்கக் காத்திருந்த விருச்சிக முனிவர் நீராடப் போகிறார். பொதிய மலைக்கு வந்த விஞ்சையர் குலப் பெண் காயசண்டிகை அந்தக் கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். முனிவர் சபிக்கிறார். அன்று அவள் வயிற்றில் பற்றிய பசி, கணவன் கொண்டுவந்து குவித்த காயாலும் கனியாலும் அடங்கவில்லை. வானில் பறக்கும் ஆற்றலும் போய்விடுகிறது. யானைத்தீ என்பது அந்நோயின் பெயர். பல்கலைக்கழகத் தேர்வில் 'யானைத்தீ - குறிப்பு வரைக' என்று கேட்பார்கள். 'எவ்வளவு உண்டாலும் தீராத பசி நோய்' என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். நாமும் அதற்குமேல் சொன்னதில்லை.

சொன்னதில்லை என்பது முழு உண்மையன்று. எட்டாண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் வகுப்பில், உணவுக்குப் பின் தூங்கி விழும் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காக, "யானைத்தீயை நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கள் அக்கா வீட்டுக்கு வாருங்கள்" என்று சொன்னோம். வகுப்பு சிரித்தது. அந்த வகுப்பில் அக்காவின் தெருவைச் சேர்ந்த பெண்ணொருத்தி இருந்தாள் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது வழக்கம்போல் சித்திரான்னங்கள் ஐந்து வகை இருந்தன. இலை போட்டதும், "நீ சாப்பிடு தம்பி, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்றார். வேலை மும்முரம் என்று நினைத்தோம். தீபாவளிக்கும் அப்படியே நடந்தது, பொங்கலுக்கும் அப்படியே. நம் கண்ணெதிரே அக்கா ஒரு கவளம் உண்பதை அதற்குப் பின் நாம் பார்க்கவில்லை. காரணத்தை இரண்டு ஆண்டுகள் கழித்து அத்தான்தான் ஏதோ பேச்சினிடையே சொன்னார். சொல்லிவிட்டு, "நீ கேட்டதாகக் காட்டிக்காதே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

(கட்டுரை என்று உட்கார்ந்தால் 'நான்' வராமல் 'நாம்' வருவது தமிழாசிரியத் தொழில் தந்த பழக்கம். இந்த ஓரிடத்திலாவது 'நான்' என்று எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.)

அக்கா நமக்கு மூன்று வயது மூத்தவர். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு, ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரே இரண்டு மைல் நடை. ஐந்து வயதிலேயே அவர் உருண்டையாக இருந்தார். நாம் எலும்பும் தோலுமாக இருந்தோம். ஊரில் அவருக்குப் பூசணிக்காய் என்று பெயர். முறுக்குத் தூக்கைப் பரணில் ஏற்றி வைத்ததும், "வாயைக் கட்டுடி" என்று அம்மா நாள்தோறும் சொன்னதும் அக்காவுக்காக. நமக்கோ, "அவன் அளவறிந்து சாப்பிடுவான்" என்னும் நற்சான்று. கூடத்துச் சுவரில் அப்பாவைப் பெற்ற பாட்டியின் படம் தொங்கியது. ஸ்டுடியோ நாற்காலி முழுவதையும் நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவின் முகமும் தோளும் அப்படியே பாட்டி. எல்லோரும் அந்தச் சாயலைச் சொல்வார்கள். அதே மூச்சில் அக்காவின் வாயையும் பழிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற முரண் நம் வீட்டில் யாருக்கும் தட்டுப்படவில்லை. இலக்கணப் பிழைக்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் நமக்கும்தான்.

நாற்பத்து நான்காம் வயதில் ஒரு மருத்துவ முகாமில் நம் இரத்தத்தைச் சோதித்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.1 என்று வந்தது. உயரம் ஐந்தடி ஏழங்குலம், எடை 61 கிலோ. பார்ப்பவர்கள் 'காற்றடித்தால் பறந்துவிடுவீர்கள்' என்று சொல்லும் உடம்பு. மூட்டுவலிக்காக மருத்துவரிடம் போன அக்காவுக்கும் அதே மாதம் அதே சோதனை நடந்தது. அவருடைய எடை 98 கிலோ, சர்க்கரை இல்லை. "சீட்டு மாறிப்போயிருக்கும்" என்றார் அத்தான். மாறவில்லை. மறுபடியும் சோதித்துப் பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் நாம் படிக்கத் தொடங்கினோம். விலங்கியல் துறை நண்பர் ஒருவர் கட்டுரைகளைத் தேடித் தந்தார். புரியாத இடங்களைத் தேநீர்க் கடையில் வைத்து விளக்கினார். தமிழ் முதுகலைக்காரனுக்கு எட்டியவரையில் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம்மை உலுக்கியது 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கனடாவில் குளோட் பூஷார் என்பவரும் குழுவினரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் பன்னிரண்டு இணையரை, இருபத்து நான்கு இளைஞர்களை, ஓரிடத்தில் தங்கவைத்தனர். வாரத்தில் ஆறு நாள், அவரவர் தேவைக்கு மேல் ஆளுக்கு 1000 கலோரி கூடுதலாக ஊட்டினர். நூறு நாள் முடிவில் எடை பார்த்தபோது, ஒருவருக்கு 4 கிலோவுக்குச் சற்றே மேல் கூடியிருந்தது. இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல். ஊட்டிய மிகை உணவோ எல்லோருக்கும் ஒன்று. ஓர் இரட்டையருக்கு எவ்வளவு ஏறியதோ ஏறத்தாழ அவ்வளவே அவருடைய இணைக்கும் ஏறியது. உடம்பின் எந்தப் பகுதியில் கொழுப்பு படிந்தது என்பதில்கூட ஒற்றுமை இருந்தது. இதற்கு நான்காண்டு முன்பே டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகள் 540 பேரை ஆல்பர்ட் ஸ்டங்கார்டு ஆராய்ந்திருந்தார். பிள்ளைகளின் பருமன் பெற்றவர்களின் பருமனை ஒத்திருந்தது. சோறிட்டு வளர்த்தவர்களின் பருமனோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. கூடத்துச் சுவரில் பாட்டி படம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஆனால் பரம்பரை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் ஒன்றும் விளங்காது. பரம்பரை எதன் வழியாக வேலை செய்கிறது? இதற்கு விடை தந்தவை சுண்டெலிகள். அவற்றின் கதை ஒரு காப்பியத்துக்குரியது. சற்று விரித்தே சொல்கிறோம்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் கடற்கரையோரம் பார் ஹார்பர் என்னும் சிற்றூரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சுண்டெலிகளை வளர்த்து மரபியல் ஆராய்வது அங்கே தொழில். 1949இல் ஒரு கூண்டில் சில குட்டிகள் அளவு மீறிப் பருத்திருப்பதைக் கண்டார்கள். இயல்பான எலியைப்போல் மூன்று மடங்கு எடை, தின்பதை நிறுத்துவதேயில்லை. 1966இல் வேறொரு பரம்பரையில் அதேபோன்ற பருத்த எலிகள், நீரிழிவோடு, தோன்றின. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. டக்ளஸ் கோல்மன் என்னும் உயிர்வேதியியலர் எலிகளை இரண்டிரண்டாக விலாப்புறம் சேர்த்துத் தைத்தார். தைத்தபின் ஒன்றின் இரத்தம் மற்றதன் உடம்பிலும் சிறிது ஓடும். (படிக்கையில் நமக்கும் வயிற்றைக் கலக்கியது.)

இரண்டாம் வகைப் பருத்த எலியை இயல்பான எலியோடு தைத்தபோது, இயல்பான எலி உண்பதை நிறுத்திவிட்டுப் பட்டினியால் இறந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த பருத்த எலியோ தின்று மேலும் கொழுத்தது. முதல் வகை எலியை இயல்பான எலியோடு தைத்தால், பருத்தது உண்பதைக் குறைத்துக்கொண்டது. முதல் வகையையும் இரண்டாம் வகையையும் தைத்தால், முதல் வகை பட்டினி கிடந்து மாண்டது. கோல்மன் கண்ட முடிவு இது: 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது. முதல் வகை எலியின் உடம்பால் அப்பொருளைச் செய்ய முடியாது. வேறோர் எலியிடமிருந்து வந்தால் அது கேட்டுக்கொள்ளும். இரண்டாம் வகை அதை ஏராளமாகச் செய்கிறது. ஆனால் கேட்கும் செவி அதற்கு இல்லை. ஒன்று ஊமை, மற்றது செவிடு.

1970களின் தொடக்கத்தில் அவர் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. பருமன் என்பது நடத்தைக் கோளாறு, வாய்க்கட்டுப்பாடின்மை என்னும் கருத்து அறிஞரிடையேயும் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. நம் அம்மாவும் அந்த அறிஞர்களும் ஒரே கட்சி என்று அறிந்தபோது நமக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பொருளைக் கண்டெடுக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் எட்டாண்டு தேடி, 1994இல் அதற்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தார். அந்தப் புரதத்துக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். 'லெப்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் மெலிந்தது. வியப்பு என்னவென்றால், லெப்டினைச் சுரப்பது கொழுப்பே. அதுவரை கொழுப்பைப் பண்டகசாலை என்றுதான் எண்ணியிருந்தார்கள். அதுவோ நாள்தோறும் மூளைக்குக் கணக்கு அனுப்பும் கணக்கப்பிள்ளையாகவும் இருந்தது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியில் இருவகை நரம்பணுக்கள் அக்கணக்கைப் படிக்கின்றன: ஒருவகை பசியை மூட்டும், மற்றது தணிக்கும். லெப்டின் நிறைய வந்தால் பசி தணியும். குறைந்தால் பசி எழும்பும், உடம்பு செலவையும் சுருக்கிக்கொள்ளும். அன்றாட உணவு வேளைகளுக்கு வேறு தூதர்கள் உண்டு. இரைப்பையிலிருந்து கிரெலின் 'பசிக்கிறது' என்கிறது. குடலிலிருந்து ஜிஎல்பி-1 'வந்து சேர்ந்தது, போதும்' என்கிறது. இவையெல்லாம் நம்மைக் கேட்டு நடப்பவை அல்ல.

எலிக்கு நேர்வது மனிதருக்கும் நேருமா? 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவக் குழுவினர் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். பிள்ளைகள் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். பெண்ணுக்கு வயது எட்டு, எடை 86 கிலோ. பையனுக்கு வயது இரண்டு, எடை 29 கிலோ. இருவர் இரத்தத்திலும் லெப்டின் இல்லாத குறை. பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தார்கள். சில மாதங்களில் தொடங்கிய பசி பின்னர் ஓயவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதானபோது லெப்டினை ஊசி வழியே கொடுத்தார்கள். பசி சில நாட்களிலேயே அடங்கியது. ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. அதில் பெரும்பகுதி கொழுப்பு.

இந்த இடத்தைப் படித்த இரவு நாம் நூலலமாரியிலிருந்து மணிமேகலையை எடுத்தோம். அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி உணவு இடுகிறாள் மணிமேகலை. காயசண்டிகையின் பன்னிரண்டாண்டுப் பசி அவிந்துபோகிறது. இருபதாண்டுகளாக இதை அற்புதம் என்று நடத்தியிருக்கிறோம். நோய் என்று சாத்தனார் பெயரிட்டிருப்பதை வாசித்துக்கொண்டே, அது நோயாக இருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பெருந்தீனி தின்றதால் அவளுக்கு யானைத்தீ வந்தது என்று எந்த வரியிலும் இல்லை. யானைத்தீ வந்ததால்தான் அவள் அவ்வளவு தின்றாள்.

அக்காவுக்கு அந்தக் குழந்தையின் நோய் என்று நாம் சொல்லவில்லை. அப்படி லெப்டின் முற்றிலும் இல்லாதவர்கள் உலகில் மிகச் சிலரே. பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவில்லை, மிகுதியே உண்டு. மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அதனால் லெப்டின் ஊசி அவர்களுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. ஒரே மரபணுவின் பிழையும் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஓர் இம்மி அளவு தள்ளுகின்றன. அவற்றில் பல மூளையில் வேலை செய்பவை, அதாவது பசியிலும் நிறைவிலும். உண்டது மிகுந்தால்தான் உடம்பில் சேரும் என்ற கணக்கை யாரும் மாற்றிவிடவில்லை. அக்கா நம்மைவிடக் கூடுதலாகத்தான் உண்டிருப்பார். ஆனால் நம்மைவிடக் கூடுதலாக அவருக்குப் பசித்தது. பசிக்காத நாம் எழுந்துபோனதை அடக்கம் என்று எண்ணிக்கொண்டோம். பசியோடு எழுந்த அவரைப் பார்த்து அடக்கமில்லை என்றோம்.

எல்லாம் பிறப்பின்வழி என்றால் ஐம்பதாண்டுகளில் ஊரெல்லாம் ஏன் பருத்தது என்று நண்பரிடம் கேட்டோம். விதை பழையது, ஈரம் புதியது என்றார். 2019இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் இருபது பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் செய்த பண்டங்களையும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவையும் வேண்டிய மட்டும் உண்ணச் சொன்னார். ஆலைப் பண்டம் தின்ற வாரங்களில் நாளுக்கு 500 கலோரி அளவுக்குத் தம்மையறியாமல் கூடுதலாக உண்டார்கள்.

அக்கா எடையைக் குறைக்காமல் இருந்தவரும் அல்லர். திருமணத்துக்கு முன்பு ஒருமுறை, முதல் பிள்ளைக்குப் பின் ஒருமுறை, நாற்பது வயதில் ஒருமுறை என்று பன்னிரண்டு கிலோ, பதினைந்து கிலோ குறைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டாண்டில் திரும்பிவிட்டது. "பார்த்தாயா, பழைய குருடி கதவைத் திறடி" என்று நாமே சொல்லியிருக்கிறோம். அதே கெவின் ஹால் 2016இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வைப் படிக்க நேர்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்று. அதில் கலந்துகொண்ட 14 பேர் சராசரி 58 கிலோ குறைத்தார்கள். ஆறாண்டு கழித்துப் பார்த்தால் 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட அச்சமூட்டியது இது: அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவிடும் ஆற்றல், அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைந்துபோயிருந்தது. இளைத்த உடம்பைப் பஞ்சம் தாக்கிவிட்டதாக மூளை எடுத்துக்கொள்கிறது; பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. கொழுப்பணுக்களும் மறைந்துபோவதில்லை, சுருங்கிக் காத்திருக்கின்றன. வளர்ந்தபின் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறுவதில்லை என்று 2008இல் சுவீடனில் கண்டறிந்தார்கள்.

இனி, மெலிந்த நமக்குச் சர்க்கரை வந்த புதிர். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யூட்கின் இருவரும் 2004இல் தங்கள் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. புனேயைச் சுற்றிய சிற்றூர்களில் பிறக்கும் குழந்தைகளும் அப்படியே: சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தையின் 3.5 கிலோவுக்கு மிகக் குறைவு; ஆனால் குறைந்தது தசையே, கொழுப்பு அந்த அளவு குறையவில்லை. தோலுக்கடியில் கொழுப்பை வைக்கும் இடம் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு. அது நிரம்பினால் மிச்சம் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேர்ந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. அக்காவின் பண்டகசாலை பெரிது. நம்முடையது சிறியது, நெடுநாள் முன்பே வழிந்துவிட்டது. வயிற்றை ஸ்கேன் செய்தபோது நம் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. அளவறிந்து சாப்பிட்டவனின் கல்லீரல்!

அதற்காக அக்காவுக்குக் கேடில்லை என்று ஆகிவிடாது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார். 2025 மார்ச்சில் டிர்செபடைட் என்னும் ஊசி மருந்து இந்தியாவுக்கு வந்தது. முன்பு சொன்ன ஜிஎல்பி-1 உட்பட இரண்டு குடல் தூதர்களின் குரலில் பேசும் மருந்து. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்வது. மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு முன் எடை குறையட்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். விலை அதிகம், மகன் கட்டுகிறான். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதும் தெரிந்ததே. இதன் இனத்தைச் சேர்ந்த செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்குக் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியதாக 2022இல் எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டல் என்று தொலைபேசியில் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் போயிருந்தோம். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா சாதம் வடித்து, முருங்கைக்கீரை கடைந்து, இரண்டு தட்டு எடுத்து வந்தார். நாம் ஒன்றும் பேசவில்லை. எதிரே உட்கார்ந்து உண்ணத் தொடங்கினார். பாதித் தட்டில் கை நின்றது. தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு வகுப்புல நான் சொன்னது..." என்று தொடங்கினோம்.

"அத விடு தம்பி" என்றார். "இதக் கேளு. காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் தலைக்குள்ள ஒரு ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும். அடுத்து என்ன, அலமாரில என்ன இருக்கு, யாரு பாக்குறாங்கன்னு. ஓடுறதே தெரியாது. இப்ப கரண்ட் போன மாதிரி நின்னுபோச்சு. சோறு சோறா இருக்கு, அவ்வளவுதான்."

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏந் தம்பி, உனக்கு எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா?"

ஆமாம் என்றோம்.